ஜெபத்தோடு உப்பிட்டது

பீப்பாயைத் திறப்பதற்கு முன் சுனிம் வலது கையுறையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு கண்களை மூடினாள். முப்பது வருடப் பழக்கம். உதடு அசையாத சின்ன ஜெபம், இரண்டு மூச்சு நேரம்தான். அதற்குள் உடன் வேலை செய்யும் மல்ஜாவும் துயெத்தும் மூடியின் வளையத்தைத் தளர்த்திவிடுவார்கள். சுனிம் சுண்டுவிரலை உப்பிறாலுக்குள் விட்டு நாக்கு நுனியில் வைப்பாள். "ம்" என்றால் பீப்பாய் மேலே பொதி கட்டும் கூடத்துக்குப் போகும். "இன்னும் பத்து நாள்" என்றால் மறுபடி மூடப்படும். எபெனேசர் மீன் ஊறல் கம்பெனியில் அந்தச் சுண்டுவிரலைத் தாண்டாமல் எதுவும் வெளியே போனதில்லை.

அன்று ஜெபம் முடிவதற்குள்ளேயே வாடை வந்துவிட்டது.

"அக்கா, கண்ணைத் திறக்காதீங்க," என்றாள் மல்ஜா. "இன்னொரு தடவை ஜெபிச்சுக்குங்க. இதுக்கு ஒண்ணு பத்தாது."

மலையைக் குடைந்து செய்த குளிர்குகையின் கடைசி வளைவு அது. ஆகஸ்ட் மாதத்துப் புழுக்கத்தில் குளிர்விக்கும் இயந்திரம் நான்கு நாள் நின்றுபோனபோது வாசல் பக்கத்துப் பீப்பாய்களை மட்டும் வண்டியில் ஏற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே இருந்த பதினொன்றை யாரும் தொடவில்லை. இப்போது நவம்பர் தொடங்கிவிட்டது. வீட்டுக்கு வீடு குளிர்காலத்துக்குக் கோஸைக் காரமாக ஊறவைத்து, உப்பிறால் சேர்த்து, கிம்ச்சி போடும் மாதம். உப்பிறால் எவ்வளவு இருந்தாலும் விற்றுப்போகும்.

சுனிம் கண்ணைத் திறந்தாள். ஜூனில் பிடித்த இறால் நன்றாக ஊறினால் வெளிர் ரோஜா நிறத்தில் இருக்கும். கண்கள் மிளகு மாதிரி தனித்தனியாகத் தெரியும். இதில் கண்களே இல்லை. சாம்பல் நிறக் கூழின் மேல் நுரை நின்றது. பிளாஸ்டிக் உறையின் மடிப்பில் வெள்ளைப் புழுக்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. மல்ஜா மூக்கை முழங்கையில் புதைத்தாள்.

"எங்க வியட்நாம்ல இதைவிட நாறுற மீன்சாறு உண்டு பெரியம்மா," என்றாள் துயெத். "அதை சோத்துல ஊத்திச் சாப்பிடுவோம். அது உயிரோட நாறும். இது செத்து நாறுது."

சுனிம் விரலை விட்டாள். நாக்கில் வைத்தாள். திரும்பி வடிகாலில் மூன்று முறை துப்பினாள்.

"ஊசினது," என்றாள்.

அந்தத் தொழிலில் முடிவு இரண்டே வார்த்தைதான். ஊறினது, ஊசினது. ஓர் எழுத்துதான் வித்தியாசம். இந்த ஊருக்கு மருமகளாக வந்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் துயெத் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்வாள். விலை உயர்ந்த பீப்பாயைக் காட்டி "ரொம்ப நல்லா ஊசியிருக்கு" என்று ஒருமுறை வாங்க வந்தவர்களிடமே சொல்லி, கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறது.

மற்ற பத்தையும் திறந்தார்கள். பத்திலும் அதே வார்த்தைதான்.

மூப்பர் பாங் வெள்ளை ரப்பர் காலணியோடு குகைக்குள் வந்தார். கம்பெனி அவருடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் சபையின் முதல் வரிசை நாற்காலியும் அவருடையது; சுனிம் அதே சபையில் டீக்கன். மூக்குக்குக் கீழே பச்சைத் தைலம் தடவியிருந்தார்.

"ஸ்தோத்திரம் டீக்கனம்மா. என்ன சொல்லுது உங்க விரல்?"

"பதினொண்ணையும் கொட்டணும் மூப்பரய்யா. கடல்லகூடக் கொட்டக் கூடாது. குழி வெட்டிப் புதைக்கணும்."

"கொட்டறதா?" அவர் சிரித்தார். "காலையில ஆமென் சொன்னீங்களே?"

சுனிமுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

எபெனேசரில் தினமும் காலை எட்டு மணிக்கு, வேலை தொடங்கும் முன், பொதி கட்டும் கூடத்தில் ஜெபம் நடக்கும். மூப்பர்தான் ஜெபிப்பார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எல்லோரும் ஆமென் சொல்ல வேண்டும். சுனிமின் ஆமென்தான் அதில் உரத்தது. தும்மல்போலத் தானாக வரும். அன்று காலை அவள் மனம் புருஷனின் வீங்கிய கால்களில் இருந்தது. மூப்பர் நடுவில் என்னவோ சொன்னார்: உள்குகையில் உள்ள பதினொன்றை நீர் கண்ணோக்கும் ஆண்டவரே, மனிதர் தள்ளினதை நீர் தள்ளாதேயும், எங்கள் கைகளால் அதைச் சீராக்கி ஏழைகளின் பந்திக்கு அனுப்பக் கிருபை தாரும். ஆமென் என்று முதலில் சொன்னது அவள்தான்.

"அது நான் கவனிக்காம..."

"என்கிட்டயா சொன்னீங்க? அவர்கிட்ட சொன்னீங்க." மூப்பர் குகையின் ஈரமான கூரையைக் காட்டினார். "மேல இருக்கிறதை வழிச்சு எடுங்க. ரெண்டு தடவை உப்புத் தண்ணியில அலசுங்க. சர்க்கரைப் பொடி, சாயம் எல்லாம் கிடங்குல இருக்கு. மேலாப்புல ஒரு சாண் புது இறால். டீக்கனம்மா, நீங்க என் ரூமுக்கு வாங்க."

*

அலுவலக அறையில் சுவர் நிறைய ஒரு படம். உண்மையில் அது ஜாடியில் ஒட்டும் லேபிள்தான். ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டிருந்தார்கள். தலைத்துணி கட்டிய சுனிம், பீப்பாயின் முன் கை கூப்பிக் கண் மூடி நிற்கிறாள். மேலே சிவப்பு எழுத்தில்: ஜெபத்தோடு உப்பிட்டது. மூன்று வருடத்துக்கு முன் ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் எடுத்த படம். லேபிள் அச்சாகி வந்த பிறகுதான் அவளே பார்த்தாள். சபையில் எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டு பாராட்டினார்கள். அவளுக்கும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மூப்பர் மேசைமேல் அரிசிப் பணியாரத் தட்டு இருந்தது. பயத்தமாவில் புரட்டிய ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு பேசினார். மாவு உதட்டிலும் கழுத்துப் பட்டையிலும் சிந்தியது.

"ஊறல்னா என்ன டீக்கனம்மா? ஒழுங்கா அழுகினது. அவ்வளவுதான். நாம ஒழுங்கைக் கொஞ்சம் சேர்த்துக் குடுக்கறோம்." இன்னொன்றை எடுத்தார். "பட்டணத்துல எவனோ ஜாடியில புழு இருந்துச்சுன்னு மனு போட்டிருக்கான். வியாழக்கிழமை மாவட்ட ஆபீஸ்லருந்து ஆள் வருது. வர்றவர் நமக்கு வேண்டியவர்தான். ஆனா அவரும் ஒண்ணு எழுதணும்ல? லேபிள்ல இருக்கிற அம்மா வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், போதும்ங்கறார்."

"என்ன வார்த்தை?"

"ஊறினதுன்னு. மூணு விநாடி வேலை."

சுனிம் ஈரக் கையை ரப்பர் ஏப்ரனில் துடைத்துக்கொண்டே இருந்தாள். வாடை போகவில்லை.

"படத்துக்குன்னு உங்களுக்கு நான் இதுவரைக்கும் ஒண்ணும் செய்யல. அது என் தப்பு," என்றார் மூப்பர். "இனிமே ஜாடிக்கு இவ்வளவுன்னு உங்களுக்கு வரும். அடுத்த மாசத்துலருந்து குகைக்குள்ள இறங்க வேண்டாம், மேற்பார்வை. வயசாகுது பாருங்க." இழுப்பறையிலிருந்து ஓர் உறையை எடுத்து, அவள் ஏப்ரன் பையில் தானே செருகினார். சபையில் நன்றிக் காணிக்கை போடும் உறை. மேலே அவள் பெயர் ஏற்கெனவே எழுதியிருந்தது. "இதுல ஒரு பங்கை ஞாயித்துக்கிழமை பெட்டியில போட்டுடுங்க. சபை வாரத்தாள்ல உங்க பேர் முதல் பக்கத்துல வரும்."

"மூப்பரய்யா, எனக்கு இது..."

"உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்? வாரத்துக்கு மூணு நாள் நம்ம வண்டிதானே ஆஸ்பத்திரியில இறக்கிவிடுது? டிரைவர் சொன்னான், குளிர் வந்தா அந்தப் பக்கம் சுத்திப் போறது கஷ்டம்னு. நான் அதட்டி வெச்சிருக்கேன்." அவர் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "எடுத்துக்குங்க. மெத்துனு இருக்கு, பல்லே வேண்டாம்."

*

புருஷன் தொக்பே சாயங்காலச் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்துக் காத்திருந்தான். ஒரு காலத்தில் இறால் படகு ஓட்டியவன். சிறுநீரகம் போனபிறகு சோறு பொங்குவதும் துணி காயப்போடுவதும் அவன் வேலை. சபைக்குப் போகாதவன்.

"கை கழுவிட்டு வா. தெருமுனையில வரும்போதே தெரிஞ்சுபோச்சு."

"கழுவிட்டுத்தான் வந்தேன்."

"அப்ப தோலை உரிச்சுட்டு வா."

அவள் இன்னொரு முறை சோப்புப் போட்டாள். பிறகு உப்பில்லாத அவன் கஞ்சியையும் உப்புள்ள தன் குழம்பையும் தனித்தனியாக வைத்து, நடந்ததைச் சொன்னாள். உறையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். தொக்பே அதைத் திறக்கவில்லை. தூக்கிப் பார்த்து, பாரத்தை மட்டும் அறிந்துகொண்டு கீழே வைத்தான்.

"உன் மூப்பர் கணக்கா ஆள் பிடிக்கிறான். என் வலையில இப்படி ஒரு மீன் விழுந்ததில்ல."

"சிரிக்காதீங்க. வண்டி நிக்கும்."

"நிக்கும்."

"ரெண்டு பஸ் மாறிப் போகணும். வரும்போது உங்களுக்கு நடக்கவே முடியாது."

"முடியாது."

அவன் கஞ்சியைக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தான். "முப்பது வருஷமா நீ கண்ணை மூடறதைப் பார்த்துக் கேலி பண்ணியிருக்கேன். யார்கிட்ட பேசறே, இறால்கிட்டயான்னு கேட்டிருக்கேன்."

"ஆமா, கேட்டிருக்கீங்க."

"இப்ப ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. பொய் சொல்றதுன்னா உனக்காகச் சொல்லு. என்னைச் சாக்கா வெச்சுச் சொல்லாத. நான் போனப்புறம், அவருக்காகத்தான் சொன்னேன்னு உன் ஆண்டவர்கிட்ட என் தலையில வெச்சுடுவ. எனக்கு ஏற்கெனவே அங்க நல்ல பேர் இல்ல."

சுனிமுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. குழம்பில் கிடந்த ஓர் இறாலைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டாள். அன்று அதைச் சாப்பிட முடியவில்லை.

புதன்கிழமை மாலை ஜெபக் கூட்டம் முடிந்ததும் போதகரிடம் பேசலாமென்று வாசலில் நின்றாள். போதகர் மூப்பரோடு புதிய கூரை வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூப்பர் செலவில் தகடெல்லாம் வந்து இறங்கியிருந்தது. மூப்பர் அவர் தோளில் கை போட்டு எதையோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். போதகர் அவளைக் கண்டு, "டீக்கனம்மா, குளிருது, வீட்டுக்குப் போங்க," என்று அன்பாகச் சொன்னார்.

*

வியாழக்கிழமை காலை ஜெபத்தில் மூப்பர் வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார். பதினெட்டுப் பெண்கள் கையுறையைக் கழற்றிவிட்டுக் கைகோத்து நின்றார்கள். மல்ஜாவின் கைகள் மணிக்கட்டுவரை சிவந்திருந்தன. இரண்டு நாளாகப் பிசைந்த சாயம்.

"ஆண்டவரே, இந்தக் கூரையின்கீழ் வேலை தந்தீர்."

"ஆமென்!"

"எங்கள் பிள்ளைகளுக்குச் சோறு தந்தீர்."

"ஆமென்!"

"இன்று வருகிற அதிகாரிக்கு முன்பாக எங்களை ஒரே வாயாகப் பேசச் செய்யும்."

"ஆமென்," என்று வந்த சத்தம் சின்னதாக இருந்தது. மேல்வரிசைக் குரல் இல்லாத பாட்டுபோல. பெண்கள் கண்ணைத் திறந்து திறந்து மூடினார்கள். மூப்பர் காத்திருந்தார். பிறகு அதே வாக்கியத்தை இன்னொரு முறை சொன்னார், "ஒரே வாயாக" என்பதை அழுத்தி. குளிர்பெட்டியின் முனகல் மட்டும் கேட்டது. சுனிம் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். தும்மலை அடக்குகிறவள்போல அவள் மூக்கு நடுங்கியது.

"தொண்டை கட்டியிருக்கு போல," என்றார் மூப்பர், ஜெபத்தின் நடுவிலேயே. "ஆமென்."

அதிகாரி பத்து மணிக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். புதிய முகமூடி, புதிய வெள்ளைக் கையுறை, தோளில் மாதிரி எடுக்கும் பை. பதினொரு பீப்பாய்களும் மூடி திறந்து வைக்கப்பட்டிருந்தன. மேலாப்பு ரோஜா நிறத்தில் மின்னியது. குகையெங்கும் இனிப்பும் மருந்தும் கலந்த வாசம். அதற்கு அடியிலிருந்து மற்றது வந்துகொண்டிருந்தது. அதிகாரி ஒருமுறை மூச்சிழுத்துவிட்டு, அதன்பின் வாயால் சுவாசித்தார்.

"படத்துல இருக்கிறது நீங்கதானா அம்மா?"

"நான்தான்."

"இதெல்லாம் நீங்க ருசி பார்த்ததா?"

"பார்த்தேன்."

"எப்படி இருந்துச்சு?" பேனாவைத் தாளில் வைத்தார்.

"ஊசினது," என்றாள் சுனிம்.

மூப்பர் சத்தமாகச் சிரித்தார். "ஊறினதுங்கறாங்க. பல்செட்டு போட்டதுலருந்து இப்படித்தான், நாக்கு புரள மாட்டேங்குது."

"எனக்குப் பல்லெல்லாம் சொந்தப் பல்லு," என்றாள் சுனிம். "ஊசினது. மேல ஒரு சாண்தான் புதுசு. கீழ கையை விட்டுப் பாருங்க சார். முழங்கை வரைக்கும் விடுங்க."

அதிகாரி தன் வெள்ளைக் கையுறையைப் பார்த்தார். பீப்பாயைப் பார்த்தார். கை இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஊசினதுதான் சார்," என்று பின்னாலிருந்து ஒரு குரல். துயெத். முகம் வெளுத்திருந்தாலும் எழுத்து பிசகவில்லை. "சி. ஊ-சி-ன-து."

"வியட்நாம் பொண்ணு," என்றார் மூப்பர், அதிகாரியின் காதோரம். "ரெண்டுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது. இந்தக் கம்பெனிக்கே தெரிஞ்ச தமாஷ் அது. என்ன மல்ஜா?"

எல்லோரும் மல்ஜாவைப் பார்த்தார்கள். அவள் சாயம் பிடித்த கைகளை ஏப்ரனுக்குள் மறைத்துக்கொண்டாள்.

"ஆமா," என்றாள். "முன்னாடி மாத்தித்தான் சொல்லும்."

அதிகாரி எழுதினார். சுனிம் எட்டிப் பார்த்தாள். பெரிய, அழகான கையெழுத்து. 'படத்திலுள்ள பெண்மணியின் கூற்று: ஊறியது.' மாதிரி எடுக்கும் பையின் பூட்டு கடைசிவரை திறக்கப்படவில்லை.

சுனிம் ஏப்ரன் பையிலிருந்து காணிக்கை உறையை எடுத்து மூப்பரிடம் நீட்டினாள். அவர் கையை நீட்டவில்லை. பக்கத்துப் பீப்பாயின் விளிம்பில் வைத்தாள். அது சரிந்து ரோஜா நிற இறாலுக்குள் விழுந்தது. மூப்பர் பதறி, சட்டைக் கையைக்கூட மடக்காமல், முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவி எடுத்தார். கை வெளியே வந்தபோது சாம்பல் நிறக் கூழ் வழிந்தது. வாடை குகை முழுவதும் பரவியது. அதிகாரி வாசலை நோக்கி வேகமாக நடந்தார்.

*

வேலையை விட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை. மறுநாள் காலை அவளுடைய ரப்பர் காலணிகள் கதவுக்கு வெளியே, மழையில், வாய் மேலாக வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் தண்ணீர் நிறைந்திருந்தது. கம்பெனி வண்டி அவள் தெருமுனையில் நிற்காமல் போனது. துயெத்தை வெளிமுற்றத்தில் பீப்பாய் கழுவப் போட்டார்கள்.

ஆஸ்பத்திரி நாளன்று சுனிமும் தொக்பேயும் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தபோது கோஸ் ஏற்றிய சிறு லாரி ஒன்று வந்து நின்றது. துயெத்தின் புருஷன் ஓட்டிவந்தான். முன்னிருக்கையில் இடமில்லை, அவன் அம்மா இருந்தாள். தொக்பேயைக் கோஸ் மூட்டைகளுக்கு நடுவே கம்பளி விரித்து உட்காரவைத்தார்கள்.

"பார்த்தியா," என்றான் தொக்பே மேலேயிருந்து. "ஆஸ்பத்திரியில என்னையும் எடை போட்டு இறக்குவாங்க. வாடலா இருக்குன்னு விலையைக் குறைக்காம இருக்கணும்."

அந்த லாரி வாரத்துக்கு மூன்று நாளும் வந்தது. ஒவ்வொரு முறையும் இறங்கும்போது ஒரு கோஸைக் கையில் கொடுத்தார்கள். மாதக் கடைசியில் சுனிம் அவற்றைச் சேர்த்து உப்பும் பூண்டும் மிளகாயும் மட்டும் போட்டு, இறால் இல்லாமல், ஒரு பானைக் கிம்ச்சி போட்டாள்.

பானையை மூடிக் கல் வைத்த அன்றுதான் போதகர் வந்தார். பின்னால் சபைப் பெண்கள் நான்கு பேர், அவர்களில் மல்ஜாவும். இருவர் கையில் துணிப்பதாகை. அதில், எபெனேசர் அன்பின் கிம்ச்சி. ஆதரவற்ற வீடுகளுக்கு வருடா வருடம் கொடுப்பது. போன வருடம்வரை சுனிமும் அந்தப் பதாகையைப் பிடித்தவள்தான்.

"பட்டியல்ல இந்தத் தடவை உங்க வீடும் இருக்கு டீக்கனம்மா," என்றார் போதகர். உண்மையாகவே வருத்தப்பட்டார். "வருமானம் இல்லாத வீடுன்னு மூப்பர்தான் ஞாபகப்படுத்தினார். அவர் மனசுல ஒண்ணும் வெச்சுக்கல பாருங்க. இறால் முழுக்க அவர் காணிக்கை."

மல்ஜா டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். மூடியில் சுனிம் கண் மூடிக் கை கூப்பி நின்றாள். ஜெபத்தோடு உப்பிட்டது.

"கொஞ்சம் உயர்த்திப் பிடிங்க," என்றார் போதகர், செல்போனை நீட்டி. "படம் தெரியட்டும். ரெண்டு முகமும் தெரியட்டும். அப்படித்தான்."

படம் எடுத்து முடிந்தது. மல்ஜா பதாகையைச் சுருட்டுவதுபோல் பின்தங்கினாள்.

"அக்கா, திறக்காதீங்க," என்றாள் வேகமாக. "நான் என் கையால பிசைஞ்சது. உங்க தெருவிலயும் பின்தெருவிலயும் குன்னு மேலயுமா காலையில இருந்து எட்டு வீட்டுக்குக் குடுத்தாச்சு. முதல்ல குடுத்தது குன்னு மேல சோன் பெரியவருக்கு. அன்னைக்கு நான்..." அவள் கன்னம் துடித்தது. "என் வீட்டுக் கடன் அவர்கிட்டதான் இருக்கு அக்கா."

"போடி," என்றாள் சுனிம். "கூப்பிடறாங்க, போ." சாயம் போகாத அந்த விரல்களை ஒரு கணம் பிடித்து விட்டாள்.

வீட்டுக்குள் வந்து மூடியை ஒரு விரற்கடை திறந்தாள். மிளகாய், இஞ்சி, பூண்டு, இனிப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் அது இருந்தது. மூடினாள். அந்த டப்பாவையும் எடுத்துப்போக வாசலில் வைத்தாள். தன் பானை மேலிருந்த கல்லை இறக்கி வைத்துவிட்டு, கிம்ச்சியைப் பாதிப் பாதிக் கோஸாகப் பைகளில் போடத் தொடங்கினாள். ஏழு பை கட்டியபோது பானையின் அடி தெரிந்தது. கை நின்றது.

தொக்பே வாசலில் கைவண்டியின் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். "எனக்கெதுக்கு நிறுத்தற? எனக்குத்தான் உப்பே ஆகாதுன்னு டாக்டர் சொல்லியாச்சே," என்றான், திரும்பாமல். "வழிச்சு எடுத்துக்கிட்டுப் போ."

வீடு வீடாகப் போனாள். மாற்றிக் கொடுங்கள் என்றாள்; காரணம் கேட்டவர்களிடம் ஊசினது என்றாள். சிலர் டப்பாவை உடனே கொடுத்தார்கள். பின்தெருக் கிழவி ஒருத்தி இரண்டையும் வைத்துக்கொள்கிறேன் என்று சண்டை போட்டு, கடைசியில்தான் டப்பாவைக் கொடுத்தாள். வண்டியில் டப்பாக்கள் சேரச் சேர வாடையும் அதிகமானது. ஒரு நாய் கொஞ்ச தூரம் பின்னால் வந்து, பிறகு நின்றுவிட்டது.

குன்றின்மேல் சோன் பெரியவரின் கதவு சாத்தாமல் இருந்தது. தனிக்கட்டை. முன்பு தொக்பேயின் படகில் வேலை செய்தவர். பாயில் சுருண்டு படுத்திருந்தார். பக்கத்தில் ஒரு தட்டு, பாதி சோறு, சிவப்பு படிந்த கரண்டி. தலைமாட்டில் பிளாஸ்டிக் கிண்ணம். அதில் அவர் வாந்தி எடுத்திருந்தார்.

"யாரு, சுனிமா? உள்ள வா, அம்மாடி."

"அதைச் சாப்பிட்டீங்களா அண்ணா?"

"ரெண்டு வாய். மூணு வாய் இருக்கும். வாயில வைக்கும்போதே ஒரு மாதிரிதான் இருந்துச்சு." மூச்சு வாங்கினார். "அப்புறம் மூடியைப் பார்த்தேன். அட, நம்ம சுனிம் படம் போட்டிருக்கு. கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கிட்டு. இது தப்பா இருக்காது, நம்ம நாக்குதான் கிழடாயிடுச்சுன்னு முழுங்கிட்டேன்."

சுனிம் பாயருகே மண்டியிட்டாள். போன் எடுத்து துயெத்தின் புருஷனைக் கூப்பிட்டு, லாரியைக் குன்றுக்குக் கொண்டுவரச் சொன்னாள். கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கழுவிவிட்டு வந்தாள். வெந்நீரில் துணி நனைத்துப் பெரியவரின் வாயையும் தாடையையும் துடைத்தாள். டப்பாவை எடுத்தபோதுதான் மூடியில் லேபிள் இல்லாததைக் கவனித்தாள். பெரியவர் அதைப் பிய்த்து, தலைமாட்டுச் சுவரில், நாள்காட்டிக்குப் பக்கத்தில், ஒரு சோற்றுப் பருக்கையைத் தடவி ஒட்டியிருந்தார்.

"அதை மட்டும் விட்டுடு அம்மாடி," என்றார் அவர். "ராத்திரியில யாராவது எனக்காக ஜெபம் பண்ற மாதிரி இருக்கும்."

அவர் மறுபடி கிண்ணத்தை நோக்கிச் சாய்ந்தார். சுனிம் ஒரு கையால் அவர் நெற்றியைத் தாங்கி, மறு கையால் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். திறந்த கதவு வழியே கைவண்டி தெரிந்தது. எட்டு டப்பாக்களின் மூடியிலும் எட்டு சுனிம்கள், சாயங்கால வெயிலில் பளபளத்துக்கொண்டு, கை கூப்பியபடி, கண்களை இறுக மூடியிருந்தார்கள்.